'தப்பாவ் பண்ணிட்டேன்' - இது எந்த மொழி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் ஓர் உணவுக்கடை வரிசையில் என் காதில் விழுந்த வாக்கியத்தோடு தொடங்குகிறேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் கைத்தொலைபேசியில் தம் தாயாரிடம் பேசிக்கொண்டிருந்தார். "அம்மா, லஞ்சுக்கு ரெண்டு நாசி லெமாக் தப்பாவ் பண்ணிட்டேன்" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுவா ஐயா தமிழ்?" என்று என்னைக் கேட்டார். அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. 'லஞ்ச்' ஆங்கிலம். 'நாசி லெமாக்' மலாய். பொட்டலம் கட்டி வாங்கும் 'தப்பாவ்' சீனர்களிடமிருந்து நமக்கு வந்தது. ஒரே மூச்சில் நான்கு மொழிகள்! அதற்குள் என் முறை வந்துவிட்டதால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று இங்கே சொல்லப் போகிறேன். அதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த ஒரு கணினிமொழியியல் அறிஞரின் துணை எனக்குத் தேவைப்படுகிறது.

அவர் பெயர் அரவிந்த் ஜோஷி. 1929ஆம் ஆண்டு மராத்தி பேசும் புனே நகரில் பிறந்தவர். அங்கே பொறியியல் படித்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பயின்றபின் அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1960இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியராக வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார். 2017 டிசம்பர் 31ஆம் தேதி காலமானார். கணினிமொழியியல் சங்கம் வழங்கும் வாழ்நாள் சாதனை விருதை 2002இல் முதன்முதலாகப் பெற்றவர் இவர்தான். 2005இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கமும் இவரைத் தேடி வந்தது. இத்தனை பெரிய மனிதர் ஆராய்ந்த பொருள் என்னவென்றால், நாம் ஒவ்வொரு நாளும் பேசும் வாக்கியங்கள்தான்.

வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பது

கணினிக்கு மொழி தெரியாது. அதற்குத் தெரிந்தது எழுத்துகளின் வரிசை மட்டுமே. அந்த வரிசையிலிருந்து யார், என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று கோடிட்டுக் காட்டினோமே, அதே வேலைதான். இதைப் 'பார்சிங்' என்பார்கள். தமிழில் தொடர்ப் பகுப்பு எனலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொடரைப் பாருங்கள்: "நேற்று வந்த மாமாவின் மகன்." நேற்று வந்தவர் யார்? மாமாவா, மகனா? இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம். 'நேற்று வந்த' என்பதை மாமாவோடு கட்டினால் ஒரு படம். மகனோடு கட்டினால் வேறொரு படம். சொற்கள் மாறவில்லை, கட்டு மட்டும் மாறுகிறது. வீட்டில் யார் வந்தார் என்று நமக்குத் தெரியும் என்பதால் குழம்ப மாட்டோம். கணினிக்கு அந்த வசதி இல்லை. அது இரண்டு கட்டுகளையும் கண்டுபிடித்து, பிறகு எது பொருத்தம் என்று தீர்மானிக்க வேண்டும். வாக்கியம் நீள நீள இப்படிப்பட்ட கட்டுகள் இரண்டு நான்காகி, நான்கு நாற்பதாகிப் பெருகும்.

இந்த வேலையைக் கணினிக்கு முதலில் கற்றுக்கொடுக்க முயன்றவர்களில் ஜோஷியும் ஒருவர். 1958 ஜூன் முதல் 1959 ஜூலை வரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செல்லிக் ஹாரிஸ் என்ற மொழியியல் பேராசிரியரின் தலைமையில் ஆங்கில வாக்கியங்களைப் பகுக்கும் மென்பொருள் ஒன்று உருவானது. ஹாரிஸ் யாரென்றால், நோம் சோம்ஸ்கியின் ஆசிரியர். அந்த மென்பொருள் ஓடிய கணினி யூனிவாக் 1. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய, ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம் அது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து ஜோஷியும் பில் ஹோப்லி என்பவரும் பழைய ஆவணங்களை வைத்துக்கொண்டு அதே மென்பொருளைப் புதிதாக எழுதி ஓட்டிப் பார்த்தார்கள். 1990களில் புதிய உத்தி என்று பேசப்பட்ட ஒன்றை அந்தப் பழைய மென்பொருள் அப்போதே கையாண்டிருந்தது தெரியவந்தது!

சொல்லுக்குள் ஒரு மரம்

ஜோஷியின் பெயரை உலகம் அறிந்தது 1975இல். அந்த ஆண்டு அவரும் லியோன் லெவி, மசாகோ தகஹாஷி ஆகிய இருவரும் ஒரு புதிய இலக்கண முறையை வெளியிட்டார்கள். 'ட்ரீ அட்ஜாயினிங் கிராமர்' என்று பின்னாளில் அது பெயர் பெற்றது. மரம் ஒட்டும் இலக்கணம் என்று நாம் சொல்லலாம்.

அதன் அடிப்படைக் கருத்து இதுதான். ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஒரு சிறிய மரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. 'தூங்கினார்' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'யார்?' என்று ஒரு கேள்வி எழுகிறது. அதன் மரத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. 'கொடுத்தார்' என்று கேட்டால் மூன்று கேள்விகள்: யார்? யாருக்கு? எதை? அந்த மரத்தில் மூன்று வெற்றிடங்கள். 'ஆசிரியர்', 'மாணவருக்கு', 'புத்தகத்தை' என்ற சிறு மரங்கள் வந்து அந்த இடங்களில் உட்கார்ந்தால் வாக்கியம் நிறைவடைகிறது.

ஆனால் நாம் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவதில்லை. "ஆசிரியர் நேற்று மாலை பள்ளி மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் மாணவருக்குப் புத்தகத்தைக் கொடுத்தார்" என்போம். எழுவாய் ஒரு கோடியில், பயனிலை மறு கோடியில். இதற்குத்தான் 'ஒட்டுதல்' என்ற வழி. மரத்தின் ஒரு கிளையை நடுவில் வெட்டி, அங்கே வேறொரு சிறு மரத்தைப் பொருத்தி, வெட்டி எடுத்த பகுதியை அந்தச் சிறு மரத்தின் நுனியில் மீண்டும் சேர்த்துவிடுவது. தோட்டத்தில் ஒட்டுக்கன்று கட்டியவர்களுக்கு இது பாதி புரிந்திருக்கும். நடுவில் எத்தனை சொற்களை நுழைத்தாலும் 'ஆசிரியர்', 'கொடுத்தார்' ஆகிய இரண்டுக்கும் உள்ள உறவு அறுந்துபோவதில்லை. ஏனென்றால் அந்த உறவு 'கொடுத்தார்' என்ற சொல்லின் சொந்த மரத்திலேயே முதலில் எழுதப்பட்டுவிட்டது.

அடுக்கும் வரிசையும்

'இவ்வளவு பாடுபட வேண்டுமா? எளிய விதிகள் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். அறிஞர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மனித மொழியை விளக்க எவ்வளவு வலிமையுள்ள இலக்கணம் தேவை? வலிமை குறைந்தால் மொழி அதற்குள் அடங்காது. வலிமை மிகுந்தால் கணினி ஒரு வாக்கியத்தைப் பகுக்கவே காலமெல்லாம் எடுத்துக்கொள்ளும்.

ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "நான் கண்ணன் மாலா பாடியதைக் கேட்டதாகச் சொன்னேன்." முதலில் மூன்று பேர்: நான், கண்ணன், மாலா. பிறகு மூன்று வினைகள்: பாடியது, கேட்டது, சொன்னேன். கடைசியாக வந்த மாலாதான் முதல் வினைக்கு உரியவர். முதலில் வந்த 'நான்' கடைசி வினைக்கு உரியவன். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே உள்ளதை முதலில் எடுப்பது போன்றது இது. சோம்ஸ்கி 1950களில் வகுத்த இலக்கண வகைகளில், 'சூழல் சாரா இலக்கணம்' எனப்படும் எளிய வகையே இந்த அடுக்கைச் சமாளித்துவிடும்.

டச்சு மொழியில் இது வேறு மாதிரி. அங்கே பெயர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தால் வினைகளும் ஒன்று, இரண்டு, மூன்று என்றே வரும். முதல் பெயருக்கு முதல் வினை, இரண்டாம் பெயருக்கு இரண்டாம் வினை. இது தட்டு அடுக்கு அல்ல. பேருந்துக்கு நிற்கும் வரிசை. முதலில் நின்றவர் முதலில் ஏறுகிறார். சுவிட்சர்லாந்தில் பேசப்படும் ஜெர்மன் மொழியிலும் இதே வரிசைதான். அந்த மொழியை வைத்து 1985இல் ஸ்டூவர்ட் ஷீபர் என்ற ஆய்வாளர், எளிய வகை இலக்கணம் மனித மொழிக்குப் போதாது என்று கணித முறைப்படி நிறுவினார். அவருக்கு அந்தச் சான்றைக் கொடுத்தது எது தெரியுமா? வேற்றுமை உருபு! சுவிஸ் ஜெர்மனில் ஒரு வினை தன் பெயருக்கு 'ஐ' போன்ற உருபைக் கேட்கும். இன்னொரு வினை 'கு' போன்ற உருபைக் கேட்கும். எந்தப் பெயர் எந்த வினையோடு சேர்ந்தது என்பதை அந்தச் சிறிய உருபுகள் காட்டிக்கொடுத்துவிட்டன.

ஜோஷியின் மரம் ஒட்டும் இலக்கணம் அடுக்கையும் சமாளிக்கும், வரிசையையும் சமாளிக்கும். அதே நேரத்தில் கணினியைத் திணற வைக்கும் அளவுக்குப் பெரிதும் அல்ல என்பதை அவரும் அவருடைய மாணவர் கே. விஜய்சங்கரும் 1985இல் காட்டினார்கள். எளிய வகைக்குச் சற்றே மேலே நிற்கும் இந்த அளவுதான் மனித மொழிக்குத் தேவையான அளவு என்பது ஜோஷியின் வாதம்.

இதில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. 1986இல் வெளியான ஒரு சோதனையில், பேர்களும் வினைகளும் மூன்று மூன்றாக வரும் வாக்கியங்களை ஜெர்மானியர் தம் மொழியின் அடுக்கு முறையில் புரிந்துகொண்டதைவிட, டச்சுக்காரர் தம் மொழியின் வரிசை முறையில் எளிதாகப் புரிந்துகொண்டார்கள் என்று தெரிந்தது. கணினிக்குக் கடினமான முறை மனிதருக்கு எளிதாக இருக்கிறதே, எப்படி? ஜோஷி 1990இல் தம் இலக்கணத்தை ஒட்டிய ஓர் இயங்குமுறையைக் கொண்டு அதற்கும் விளக்கம் தந்தார். மனம் எதை எவ்வளவு நேரம் நினைவில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த விளக்கத்தின் சாரம்.

கலப்பு வாக்கியத்தின் சொந்தக்காரர் யார்?

இப்போது உணவுக்கடைப் பெரியவருக்கு வருகிறேன்.

1982இல் பிராக் நகரில் நடந்த அனைத்துலகக் கணினிமொழியியல் மாநாட்டில் ஜோஷி படைத்த கட்டுரை ஒன்று, ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மொழிகள் கலந்து வருவதைப் பற்றியது. அவர் எடுத்துக்கொண்டவை மராத்தியும் ஆங்கிலமும். படித்த மராத்தியர், "பையன்கள் நாற்காலிகளுக்குப் பெயிண்ட் பண்ணுகிறார்கள்" என்று நாம் சொல்வதைப் போலவே தம் மொழியில் சொல்வார்கள். கண்டபடி கலக்கிறார்கள் என்றுதான் வெளியில் தெரியும். ஆனால் அங்கே ஒழுங்கு இருக்கிறது என்று காட்டினார் ஜோஷி.

அவர் கண்ட ஒழுங்கு இது. கலப்பு வாக்கியத்தில் ஒரு மொழி வீட்டுக்காரர், மற்றது விருந்தாளி. பேசுபவர்களைக் கேட்டால், இந்த வாக்கியம் எந்த மொழியைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். விருந்தாளி மொழியிலிருந்து பெயர்ச்சொல் வரலாம், வினைச்சொல் வரலாம், பெயரடை வரலாம். ஆனால் உருபுகள், காலம் காட்டும் பகுதிகள், துணைவினைகள் போன்ற சிறிய சொற்களை மட்டும் தனியே விருந்தாளி மொழிக்கு மாற்ற முடியாது. அவை வீட்டுக்காரரின் சாவிக்கொத்து. விருந்தாளியிடம் கொடுப்பதில்லை.

நம் வாக்கியத்தில் சோதித்துப் பாருங்கள். லஞ்சு'க்கு'. உருபு தமிழ். தப்பாவ் 'பண்ணிட்டேன்'. சீனச் சொல்லுக்கு வினைத்தன்மை கொடுத்து, வேலை முடிந்துவிட்டது என்று காட்டி, செய்தவன் நான் என்றும் சொல்லி முடிப்பது தமிழ். சொற்களின் வரிசையும் தமிழ். வினை கடைசியில்தான் வருகிறது. "ஆபீசுக்குப் போறேன்" என்கிறோம். "ஆபீஸ் டூ போறேன்" என்று நம்மில் எவராவது சொல்லிக் கேட்டதுண்டா? பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலேயே படித்த பேரனும் சொல்வதில்லை. யாரும் கற்றுக்கொடுக்காமலே இந்த விதி நமக்குள் இருக்கிறது.

ஜோஷியின் விதிக்குப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சில மொழிகளிலிருந்து விதிவிலக்குகள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கார மொழி, விருந்தாளி மொழி என்ற அந்தப் பாகுபாடு இன்றும் இத்துறையில் நிலைத்திருக்கிறது.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய செய்தியும் அல்ல. தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று வகுத்தபோது, இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்தே வரும், தனித்து இயங்காது என்றார். வெளியிலிருந்து வரும் சொற்களுக்குத் திசைச்சொல், வடசொல் என்று இடமும் ஒதுக்கினார்.

600 வாக்கியங்கள்

இதையெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பீர்கள். இரண்டு பயன் சொல்கிறேன்.

முதலாவது, கணினித் தமிழ். ஜோஷி பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் மிட்செல் மார்கஸ் தலைமையில் ஆங்கிலத்துக்கு ஒரு 'மரவங்கி' கட்டினார்கள். 4.5 மில்லியனுக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டி, சொல்வகை குறித்து, பாதிக்கும் மேற்பட்ட பகுதிக்கு வாக்கிய மரமும் வரைந்தார்கள். 1993இல் அது வெளியானதும் ஆங்கிலத்தைப் பகுக்கும் மென்பொருள்கள் அதைப் பார்த்தே பாடம் கற்றன.

தமிழுக்கு? ஜோஷி கட்டுரை படித்த அதே பிராக் நகரில், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமி என்ற ஆய்வாளர் தம் பேராசிரியருடன் சேர்ந்து தமிழுக்கு ஒரு மரவங்கி உருவாக்கினார். அதில் 600 வாக்கியங்கள் இருக்கின்றன. அரிய முயற்சி. ஆனால் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கலப்புத் தமிழுக்கு 2020இல் ஒரு தொகுப்பு வந்தது. யூடியூபில் திரைப்பட முன்னோட்டங்களுக்கு வந்த 15,744 கருத்துகளைத் திரட்டி, பாராட்டா பழிப்பா என்று குறித்தார்கள். அதுவும் பயனுள்ளதே. ஆனால் மலாயும் சீனமும் கலந்த நம் ஊர்த் தமிழ் அதன் நோக்கமாக இருக்கவில்லை.

இன்றைய உரையாடும் மென்பொருள்களுக்கு யாரும் மரம் வரைந்து காட்டுவதில்லை. ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து என்ன வரும் என்று ஊகித்தே அவை மொழியைக் கற்கின்றன. இருந்தாலும் படிக்க எழுத்து வேண்டுமே! அவை சரியாகக் கற்றனவா என்று சோதிக்க, ஆள் உட்கார்ந்து பகுத்த வாக்கியங்களும் வேண்டும். கணினி படிக்கும் நம் பிள்ளைகளில் நான்கு பேரும் தமிழாசிரியர்கள் இருவரும் சேர்ந்தால், நம் ஊர்ப் பேச்சுத் தமிழில் ஆயிரம் வாக்கியங்களைத் திரட்டிப் பகுப்பது இயலாத காரியமல்ல.

பேத்தி கற்றுத் தந்த பாடம்

இரண்டாவது பயன், நம் வீட்டைப் பற்றியது. இதில் என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

என் பேத்தி சிறுவயதில், "தாத்தா, டீச்சர் என் புக்ல ஸ்டார் ஒட்டினாங்க" என்று ஓடி வருவாள். நான் உடனே, "புக் இல்லை, புத்தகம். ஸ்டார் இல்லை, நட்சத்திரம்" என்று திருத்துவேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். சில மாதங்களில் அவள் என்னிடம் முழுக்க முழுக்க ஆங்கிலத்திலேயே பேசத் தொடங்கிவிட்டாள். அதில் தவறே இல்லை, தமிழும் இல்லை.

ஜோஷியின் கட்டுரையைப் பிற்பாடு படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'புக்ல', 'ஒட்டினாங்க' என்று அந்தக் குழந்தை தமிழின் உருபையும் காலத்தையும் மரியாதைப் பன்மையையும் பிசகாமல் பிடித்திருந்தாள். நான் விருந்தாளியை விரட்டுவதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டேன். அதன்பின் திருத்துவதை நிறுத்தினேன். "அப்படியா! எந்தப் புத்தகத்துல ஒட்டினாங்க?" என்று திரும்பக் கேட்கப் பழகினேன். மெல்ல மெல்ல அவள் திரும்பி வந்தாள். இன்றும் கலந்துதான் பேசுகிறாள்; ஆனால் பேசுகிறாள்.

கலப்புதான் நல்லது என்று நான் சொல்லவில்லை. தேர்வில் 'மதிய உணவு' என்றே எழுத வேண்டும். மேடையிலும் ஏட்டிலும் நல்ல தமிழ் வேண்டும். அதைப் பள்ளியும் இது போன்ற நாளிதழ்களும் கற்றுத்தருகின்றன. ஆனால் வீட்டில் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். பிள்ளை 'லஞ்சுக்கு' என்றால் பதற வேண்டாம். நாம் தமிழில் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு முறையும் முழு ஆங்கில வாக்கியத்தில் பதில் வருகிறதென்றால், அங்கேதான் கவனிக்க வேண்டும்.

ஆகவே, உணவுக்கடையில் என்னைக் கேட்ட பெரியவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு என் பதில் இது: ஐயா, அந்த இளைஞர் பேசியது தமிழ்தான். அவர் தம் தாயாரிடம் அதைப் பேசினார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.